கள்ளிச்சொட்டுக்கு எத்தனை கிளிக்?

வீட்டில் காபி குடிப்பவர்கள் மூன்று பேர். அம்மாவுக்கும் மனைவிக்கும் இரண்டு வேளையும் பில்டர் காபி. எனக்குக் காலையில் பில்டர், சனி ஞாயிறு மதியத்தில் மட்டும் பால் சேர்க்காத வி60, அதாவது கூம்பு வடிவத் தாள் வடிகட்டியில் இறக்கும் காபி. இத்தனை நாளும் சிங்கப்பூர்த் தேக்காவில் அரைத்து வாங்கிய தூளில்தான் வண்டி ஓடியது. கொட்டையாக வாங்கி வீட்டிலேயே அரைப்போமே என்று போன வருடம் 25 வெள்ளிக்கு ஒரு செராமிக் கைமில் வாங்கினேன். இரண்டு வாரம் சுற்றினேன், மணிக்கட்டு வலித்தது, அது மேல் அலமாரிக்குப் போய்விட்டது.

மின்சார மில் எனக்கு ஒத்துவராது. நான் எழுவது ஐந்தே முக்காலுக்கு. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை. ஒருமுறை மிக்சியில் சட்னி அரைத்ததற்கே மறுநாள் மின்தூக்கியில் ஒரு சிரிப்பு கிடைத்தது, அவ்வளவு நல்ல சிரிப்பில்லை.

இந்தச் சமயத்தில்தான் அலுவலக நண்பர் ஊருக்குக் கிளம்பினார். "மூணு வாரம் சும்மாதானே கிடக்கப்போகுது, வச்சுப் பாருங்க. பிடிச்சா நீங்களும் ஒண்ணு வாங்குங்க" என்று தன் எஃகு மில்லைக் கையில் கொடுத்துவிட்டார். நூறு வெள்ளிக்குச் சற்று மேலே விலை. பார்த்ததை எல்லாம் குறித்து வைத்தேன்.

நாள் 1

இரண்டு மில்லையும் கழற்றி மேசை விளக்கின் கீழ் தலைகீழாகப் பிடித்தேன். உள்ளே கூம்பு, அதைச் சுற்றி வளையம், இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் கொட்டை நொறுங்குகிறது. செராமிக்கில் கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கூம்பு தள்ளாடியது. ஒரு பக்கம் வெளிச்சம் நூல் மாதிரி, எதிர்ப்பக்கம் பிறை மாதிரி. அரைச் சுற்றில் பிறை இந்தப் பக்கம் வந்துவிடும். நூலில் விழுந்தது மாவாகும், பிறையில் விழுந்தது குருணையாகும். எஃகு மில்லில் அச்சை மேலும் கீழும் இரண்டு பேரிங் பிடித்திருக்கின்றன. அதில் எவ்வளவு சுற்றினாலும் ஒரே நூல்தான்.

இரண்டிலும் 20 கிராம் பீபெரி (உருண்டையான காபிக்கொட்டை வகை) அரைத்து, ரவைச் சல்லடையில் சலித்தேன். செராமிக்கில் மேலே தங்கியது 3.4 கிராம், எஃகில் 0.9. அரைக்க எடுத்த நேரம் செராமிக்கில் மூன்றரை நிமிடம், எஃகில் ஒன்றேகால் நிமிடம்.

அம்மா செராமிக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரசத்துக்கு மிளகு பொடிக்க நல்லா இருக்கும்டா." காபிக்கானது என்று சொல்லி வாங்கி வைத்தேன்.

நாள் 3

சந்தின் அகலத்தை மாற்றும் திருகியைத் திருப்பும்போது டக்கென்று விழும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக், எண் கூடினால் தூள் பருமனாகும். நண்பர் சொல்லிவிட்டுப் போன 18 கிளிக் வி60க்கு உரியது. கைமில் பற்றி நான் படித்த, கேட்ட யோசனைகள் முக்கால்வாசி இப்படித்தான், தாள் வடிகட்டியை மனதில் வைத்துச் சொன்னவை. பித்தளை பில்டருக்கு எத்தனை என்று கேட்டால் ஆளைக் காணோம். நாமே கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

முதலில் பூஜ்யம். கைப்பிடி தானாகச் சுழல மறுக்கும் இடம்வரை திருகியை இறுக்கி, அங்கிருந்து எண்ண வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் கூம்பின் பல்லும் வளையத்தின் பல்லும் உரசிக் கூர் போய்விடும்.

அளவு எப்போதும் ஒன்றேதான்: தூள் 20 கிராம், கொதி அடங்கிய தண்ணீர் 120 மில்லி. தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆக 80 மில்லி இறங்கினால் எல்லாம் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

9 கிளிக்கில் அரைமணி கழித்துத் திறந்து பார்த்தால் கீழே இரண்டு ஸ்பூன். மேல் பாத்திரத்தை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தேன், மூடியைத் திறந்து மூடிப் பார்த்தேன், ஒன்றும் நகரவில்லை. அன்று எல்லாருக்கும் டீ.

நாள் 4, 5

11 கிளிக். ஏழு நிமிடத்தில் மொத்தமும் இறங்கிவிட்டது. டிகாஷன் என்று சொல்ல முடியாது, கழுநீர். 10 கிளிக்கில் 18 நிமிடம், 80 மில்லி. டம்ளரைச் சாய்த்தால் ஓரத்தில் ஒட்டி மெல்ல இறங்கியது. கள்ளிச்சொட்டு என்று பாட்டி சொன்னது இந்தக் கெட்டியான டிகாஷனைத்தான்.

ஏழு நிமிடத்துக்கும் பதினெட்டு நிமிடத்துக்கும் நடுவே ஒரே கிளிக்தானா என்று உறுத்தியது. வெர்னியர் வைத்து அளந்தேன். திருகியை மூன்று சுற்றுச் சுற்றினால் 3 மில்லிமீட்டர் ஏறுகிறது. சுற்றுக்கு 12 கிளிக். அப்படியானால் ஒரு கிளிக்குக்குக் கூம்பு நகர்வது 83 மைக்ரான். பக்கம் சரிவாக இருப்பதால் சந்து அந்த அளவு விரியாது, ஆனாலும் பில்டருக்கு அது பெரிய தாவல். தாள் வடிகட்டியில் ஒரு கிளிக் முன்னே பின்னே இருந்தால் அரை நிமிடம் கூடக் குறைய வரும், குடித்துவிட்டுப் போகலாம். பித்தளை பில்டரில் ஒரு கிளிக் தவறினால் டீதான்.

கைமில் வாங்குகிறவர்கள் பல்லின் விட்டம் 38 மில்லிமீட்டரா 48ஆ என்று விசாரிப்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். பில்டர் காபிக்காரர் முதலில் கேட்க வேண்டியது சுற்றுக்கு எத்தனை கிளிக் என்பதை.

நாள் 6

பீபெரி தீர்ந்து வேறு வறுவல் வந்தது, அதில் 10 கிளிக் லேசாக அடைத்தது, 11 ஓடியது. நடுவில் பத்தரை கிடையாதே என்று யோசித்துக்கொண்டிருக்கையில் கை பில்டரின் குடைமேல், தூளை அழுத்தி வைக்கும் அந்தத் துளைத்தட்டின்மேல், பட்டது. அரைக் கிளிக் இங்கே இருக்கிறது! மில்லை 11இல் வைத்துத் தூளை 22 கிராமாக்கி, குடையைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினேன். 16 நிமிடம். மறுநாள் 10இல் வைத்து, குடையைச் சும்மா மேலே உட்கார வைத்தேன், அழுத்தவே இல்லை. 20 நிமிடம். இரண்டுமே குடிக்கத் தகுந்தவை.

புதிதாக அரைத்த தூளில் இன்னொன்றும் கவனித்தேன். கொதிநீர் பட்டதும் தூள் நுரைத்து உப்பி, குடையையே ஒரு விரற்கடை தூக்கிவிடுகிறது. கடைத்தூளில் இதை நான் பார்த்ததே இல்லை. முதலில் 30 மில்லி ஊற்றி, அரை நிமிடம் காத்திருந்து, குடையை மறுபடி லேசாகத் தட்டி உட்கார வைத்துவிட்டு மீதியை ஊற்றுகிறேன்.

நாள் 8

இன்று செய்தது மடத்தனம். அம்மாவுக்குச் சிக்கரி இல்லாத காபி காபியே இல்லை. குருணையாக வாங்கிய சிக்கரியில் 4 கிராமைக் கொட்டையோடு சேர்த்து மில்லில் போட்டேன். பாதியில் கைப்பிடி நின்றுவிட்டது. திறந்தால் பல்லிடுக்கெல்லாம் பழுப்பு நிறத்தில் வெல்லப்பாகு மாதிரி. சிக்கரி காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், இந்த ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொட்டலம் பிரித்து நான்கு நாளாகியிருந்தது.

இரவல் பொருள். வயிற்றைக் கலக்கியது. அம்மா, மிக்சி ஜாருக்குச் செய்வதுபோல் "பச்சரிசி போட்டு அரைச்சுடு" என்றார். காபி மில்லுக்கு அது ஆகாது, பச்சரிசி கொட்டையைவிடக் கடினம், பல்லும் அச்சும் தாங்க வேண்டும். தண்ணீரிலும் காட்ட முடியாது, எஃகுப் பல்லில் துருப்பிடித்தால் நண்பருக்கு என்ன பதில் சொல்வது? பல்குச்சியும் பழைய பல் துலக்கியுமாக ஒன்றே கால் மணி நேரம். கழற்றிய ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்திருந்ததால் திரும்பப் பூட்ட முடிந்தது.

இப்போது சிக்கரியைப் பொடியாகவே வாங்கி, அரைத்த பிறகு கலக்கிறேன். சிக்கரி சேர்ந்தால் இறங்குவது மந்தமாகிறது, அதனால் ஒரு கிளிக் கூட்டி 11.

நாள் 11

படுக்கையறையில் ஏர்கான் ஓடும்போது அரைத்தேன் (மனைவி தூங்கவில்லை, எழுப்பினேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்). தூள் கிண்ணத்தின் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டு பறந்தது. சமையலறையில் இப்படி நடந்ததில்லை. வெளிக்காற்றில் ஈரம் 80 விழுக்காட்டுக்கு மேல், அதனால் நிலைமின்சாரம் தங்குவதில்லை. ஏர்கான் அந்த ஈரத்தை எடுத்துவிடுகிறது. கொட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஸ்பூன் காம்பால் கிளறிவிட்டு அரைத்தால் சரியாகிவிடுகிறது. சிங்கப்பூரில் சன்னலோரம் நின்று அரைத்தால் அதுவும் தேவையில்லை.

எதிர்வீட்டு சீன அங்கிள் நான் சுற்றுவதைத் தாழ்வாரத்திலிருந்து பார்த்துவிட்டு ஒரு பொட்டலம் கோப்பிக் கொட்டை கொண்டுவந்து கொடுத்தார். கருகருவென்று மினுமினுப்பு. அது சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது. வாசனை ஆளை அசத்தியது, ஆனால் சிக்கரி கற்றுக்கொடுத்த பாடம் ஆறவில்லை. அதைச் செராமிக்கில் கொஞ்சமாக அரைத்து, துணிப்பையில் வடித்து, ஒரு கோப்பி ஓ (பாலில்லாதது) அவருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். "கேன் லா" என்றார், தேறும் என்று அர்த்தம்.

நாள் 13

குருட்டுச் சோதனை. மூன்று டம்ளர், அடியில் சாக்குக்கட்டிக் குறி: கடைத்தூள், செராமிக், எஃகு. பால், சீனி எல்லாம் ஒரே அளவு. மனைவிக்கு மூன்றும் ஒன்றுதான், வேலைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். அம்மா நிதானமாகக் குடித்தார். செராமிக்கைக் கடைசி மடக்கில் பிடித்துவிட்டார். "அடியில வண்டல் நிக்குதுடா, நாக்குல மணல் மாதிரி." தாள் வடிகட்டியில் மாவு அடைத்து நேரத்தை இழுக்கும். பித்தளைத் துளையில் அது நழுவி டம்ளருக்கே வந்துவிடும். மற்ற இரண்டில் வாசனை எஃகுக்கு, கெட்டித்தனம் கடைத்தூளுக்கு என்றார். கடைத்தூளில் சிக்கரி 30 விழுக்காடு, நான் கலந்தது 20க்கும் குறைவு. அந்தச் சோதனையில் அது என் தவறு.

வி60 பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 15 கிராம், 250 மில்லி, 18 கிளிக். எஃகில் 2 நிமிடம் 50 நொடி, செராமிக்கில் நாலரை நிமிடமும் கசப்பும். நண்பர் சொன்னது சரி.

நாள் 19

மணிக்கட்டு வலி இல்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி, மில்லைச் சற்றுச் சாய்த்து, தோளிலிருந்து சுற்றுகிறேன். சாய்த்தால் கொட்டை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, கையும் திணறுவதில்லை.

வாங்குவதென்றால் இதே மில்லை வாங்கமாட்டேன். சுற்றுக்கு 30 கிளிக் உள்ள ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், 40 வெள்ளி கூடுதல். மாதக் கடைசிவரை பொறுக்கலாம், அதுவரை செராமிக்கை வைத்துச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நாள் 21

நண்பர் வந்துவிட்டார், நாளை மில்லைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் ரச வாசனை. செராமிக் மில் அடுப்பு மேடையில் இருந்தது. திறந்து முகர்ந்தேன், தும்மல் வந்தது.

"காபிக்குன்னு சொன்னேன்லம்மா?"

"நீதான் அதைத் தொடறதே இல்லையே. குறுமிளகு என்னமா பொடியுது தெரியுமா?"

நண்பருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன், இன்னும் ஒரு வாரம் கிடைக்குமா என்று.