சத்தம் சரியில்ல சார்

அலுமினா என்ற பீங்கான் பொடியில் எடைக்கு 20 சதவீதம் சிர்கோனியா என்ற இன்னொரு பீங்கான் பொடியைக் கலந்து பம்ப் சீல் வளையங்கள் செய்துகொண்டிருந்தோம். வெறும் அலுமினா நல்ல கெட்டி. ஆனால் ஒரு விரிசல் ஆரம்பித்தால் நிற்காமல் ஓடிவிடும். சிர்கோனியா சேர்ப்பது அந்த ஓட்டத்தைத் தடுக்கத்தான். நுண்ணிய சிர்கோனியா மணிகள் அலுமினாவின் இறுக்கத்தில் டெட்ராகோனல் என்ற படிக அமைப்பிலேயே அடங்கிக் கிடக்கும். விரிசல் முனை நெருங்கியதும் மோனோகிளினிக் என்ற வேறு படிக அமைப்புக்கு மாறி, கன அளவில் 4, 5 சதவீதம் உப்பி, அந்த விரிசலையே நெருக்கிப் பிடிக்கும்.

இந்தக் கலவையின் முழு அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.27 கிராம் வரவேண்டும். 1,550 டிகிரியில் 2 மணி நேரம் சுட்டதில் 4.14-தான் வந்தது. நான் வேலைக்குப் புதுசு. சரியாக வேகவில்லை என்று நானே முடிவுகட்டி, 1,650-க்கு ஏற்றி 5 மணி நேரம் வைக்கச் சொன்னேன். 4.23 வந்தது. வைர முனையால் அழுத்தி அளக்கும் விக்கர்ஸ் கடினமும் பெரிதாக இறங்கவில்லை. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

உலை பார்க்கும் அண்ணன் ஒரு வளையத்தை விரலில் மாட்டி, ஸ்பேனரால் லேசாகத் தட்டினார். சந்தையில் பானை வாங்குகிறவர் மாதிரி இரண்டு தரம்.

"சத்தம் சரியில்ல சார். பழசு கிண்ணுங்கும். இது பொத்துங்குது."

சிரித்துவிட்டுப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து வளைவுச் சோதனையில் துண்டுகள் பழையதைவிடச் சீக்கிரமே ஒடிந்தன. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே சோதனையான எக்ஸ்ஆர்டியில் மோனோகிளினிக் சிகரம் நன்றாகவே தலைதூக்கியிருந்தது. அதிகச் சூட்டில் சிர்கோனியா மணிகள் பருத்து, ஆறும்போது தாமாகவே மாறிவிட்டன, சுற்றிலும் நுண்விரிசல். உண்மையான விரிசல் வரும்போது உப்புவதற்குப் போதிய மணிகள் மிச்சமில்லை.

அப்படியானால் முதலில் அடர்த்தி ஏன் குறைந்தது? உடைந்த முகத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது சிர்கோனியா அங்கங்கே கட்டி கட்டியாக இருந்தது. கட்டி தன்பாட்டுக்குச் சுருங்கி, சுற்றிலும் இடைவெளி விட்டிருந்தது. குறை உலையில் இல்லை, பொடியை உருண்டைகள் போட்டு அரைத்துக் கலக்கும் பால் மில்லில். பொடி கட்டி சேராமல் பிரித்து வைக்கும் டிஸ்பர்சன்ட்டைக் கூட்டி, 8 மணி நேர அரைப்பை 24 ஆக்கினோம். அதே 1,550, அதே 2 மணி நேரம்: 4.24.

அந்த லோடைத் தட்டிப் பார்த்துவிட்டு, அண்ணன் உலைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுப் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார். தலைப்பு: 'சத்தம்'. கீழே, 'கிண்'.