தனுஷ்கோடி நாட்குறிப்பு: புயலுக்கு முந்தைய ஊர்

14 டிசம்பர் 2024, சனி

தனுஷ்கோடியில் வளர்ந்த ஒரு பாட்டியின் நினைவுகளைப் பதிய வந்தேன்; இன்றைய ஒலிப்பதிவு வீணாயிற்று. கடலைப் பார்த்து உட்கார்ந்தால் பேச்சு இயல்பாக வரும் என்று எண்ணிப் பாட்டியைக் குடிசைக்கு வெளியே அமர வைத்தது என் தவறு. வாடைக்காற்று மைக்கில் இரைந்து பாதிப் பேச்சை விழுங்கிவிட்டது. ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்கிறது: "புயலைக் கேக்கத்தான் எல்லாரும் வர்றாக, தம்பி. நாங்க பொழைச்ச பொழைப்ப யாரும் கேக்கல." 1964 டிசம்பர் 22 இரவு ஊர் அழிந்தபோது அவருக்கு வயது 12. நானும் புயலைப் பற்றித்தான் முதலில் கேட்டேன் என்பது மனத்தை உறுத்துகிறது.

15 டிசம்பர், ஞாயிறு

குடிசைக்குள் பதிவு செய்தோம். புயலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சென்னையிலிருந்து வரும் போட் மெயில் ரயிலில் இறங்கி இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுகிறவர்களின் பெட்டிகளைத் தூக்கியே அவருடைய தந்தை குடும்பத்தைக் காப்பாற்றினாராம். வாடைக் காலத்தில் தெற்குக் கடலிலும் தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும்போது வடக்குக் கடலிலும் கரைவலை இழுத்ததையும், மணலைக் கையால் தோண்டி ஊறிவரும் நல்ல தண்ணீரைச் சிரட்டையில் மொண்டதையும் இரண்டு மணி நேரம் சொன்னார். பிறகு வெளியே வந்து, குச்சியால் மணலில் ஸ்டேஷன், கப்பல் மேடை, சுங்க ஆபீஸ், தபாலாபீஸ், மாதா கோயில், தம் வீடு என்று வரைந்து காட்டினார். இன்று இடிந்த சுவர்களாக நிற்கும் ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவே எத்தனை வாசல்கள் இருந்தன என்பது அந்தக் கோடுகளில்தான் எனக்குப் புரிந்தது. காற்று அழிப்பதற்குள் நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொண்டேன்.

21 டிசம்பர், சனி

பாம்பனில் இருந்த அத்தை வீட்டுச் சுவரில் மாட்டியிருந்ததால் தப்பிய ஒரே குடும்பப் படத்தைப் பாட்டி எடுத்துவந்தார். ஈரம் பட்டு, ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. பிரித்தால் படலம் உரிந்துவிடும் என்பதால், சட்டத்தோடு சேர்த்து, வெளிச்சம் பிரதிபலிக்காதபடி கறுப்புத் துணி மறைத்து, கண்ணாடி வழியாகவே எடுத்தேன். முகங்களை இடமிருந்து வலமாக விரலால் தொட்டு உறவும் பெயரும் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரத்தில் நின்ற சிறுமியிடம் வந்ததும் நிறுத்திவிட்டார். சித்தி மகள் என்பது தெரிகிறது; பெயர் வரவில்லை. தங்கச்சிமடத்தில் இருக்கும் அக்காவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

22 டிசம்பர், ஞாயிறு

புயலடித்து இன்றோடு 60 ஆண்டுகள். கடற்கரையில் கேமராக்கள் நிறைய வந்திருந்தன. நான் பாட்டியின் வீட்டிலேயே இருந்தேன். மாலையில் அக்கா போனில் அழைத்தார். சிறுமியின் பெயரைச் சொன்னதோடு, அவள் பூவரசம் பீப்பி ஊதிக்கொண்டே திரிவாள் என்பதையும் சொன்னார். அந்தக் குரலையும் அனுமதி கேட்டுப் பதிந்துகொண்டேன். படத்தின் புதிய பிரதியின் பின்பக்கத்தில் பேனா மை ஊறும் என்பதால் பென்சிலால், அழுத்தாமல், விடுபட்டிருந்த அந்தச் சிறுமியின் பெயரை எழுதினேன். பாட்டி அதை வாங்கி, எழுத்துக் கூட்டி, இரண்டு முறை படித்தார்.