சேலைக் கரையில் உரசும் மைக்

இணையவழிக் கற்பித்தலுக்காக ஆசிரியர்களுக்கு நடத்தப்படும் செயலமர்வுகளில் பெரும்பாலானவை சூம் செயலியின் பொத்தான்களில் தொடங்கி அவற்றோடேயே முடிந்துவிடுகின்றன. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட அவசரத்துக்கு அது போதும். 2022 ஜூனில் எரிபொருள் இல்லாமல் கொழும்புப் பாடசாலைகள் மறுபடி வீட்டிலிருந்து நடந்தபோது பொத்தான்கள் எல்லோருக்கும் பழகியிருந்தன. குரலும் எழுத்தும்தான் பிள்ளைகளிடம் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஆகவே பயிற்சியை அந்த இரண்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

முதலில் குரல். படம் மங்கினாலும் பிள்ளை பொறுத்துக்கொள்ளும். குரல் உடைந்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடும். கொட்டாஞ்சேனைத் தெருவில் ஹோர்ன் சத்தம், வெள்ளவத்தை மாடிவீடுகளில் பக்கத்து வீட்டுச் சத்தம், எங்கும் மின்விசிறி. மைக் உள்ள சாதாரண வயர் இயர்போனே போதும், ஆனால் அதன் மைக் சேலைக் கரையிலோ தாலிக்கொடியிலோ உரசினால் பிள்ளைகளுக்குக் கரகரவென்றுதான் கேட்கும். உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றால் வயரைத் தோளருகே பிடித்துவிட்டால் சரி. மின்விசிறிக் காற்று நேரே வாயருகே வராமல் இருக்கையைத் திருப்பிப் போட வேண்டும்.

இதை மண்டபத்தில் பழக்கும்போது ஒரு சிக்கல் கட்டாயம் வரும். முப்பது பேரும் ஒரே கூட்டத்தில் இணைந்தவுடன் ஒருவர் ஸ்பீக்கரின் சத்தம் மற்றவர் மைக்கில் புகுந்து ஊளையிடும். மைக்கை அணைத்தால் மட்டும் போதாது, ஸ்பீக்கர்களும் நிற்க வேண்டும். வளவாளரின் கருவி தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒலியை இணைக்காமலே நுழையச் சொல்லுங்கள். பேசிப் பழகுவதற்கு ஐந்து ஐந்து பேராக வேறு வகுப்பறைகளுக்கு அனுப்புவது நல்லது.

எழுதிக் காட்ட விலைகூடிய கருவி வேண்டாம். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு இடையே அடிமட்டம் ஒன்றை வைத்து, தாளிலிருந்து சுமார் 30 சென்ரிமீற்றர் உயரத்தில் போனைத் திரை மேலே பார்க்க வைத்தால் பின்பக்கக் கமெரா ஏ4 தாள் முழுவதையும் காட்டும். போல்பொயின்ற் பேனை மெல்லியது, பிள்ளையின் சிறிய திரையில் தெரியாது. தடித்த மார்க்கரால், ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாத உயரத்தில் எழுத வேண்டும். முன்பக்கக் கமெராவில் எழுத்து இடம்வலமாக மாறித் தெரிகிறது என்று பலர் பதறுவார்கள். அது தன் திரையில் தெரியும் கண்ணாடித் தோற்றம் மட்டும்; பிள்ளைகளுக்கு நேராகவே தெரியும். இதை மற்றொரு போனில் காட்டிவிட்டால் அந்தப் பயம் அத்தோடு போய்விடும்.

தமிழ்மொழி மூல ஆசிரியர்களுக்கு மட்டுமே உரிய தலைவலி பாமினி. பல வருடங்களாகச் சேர்த்த வினாத்தாள்கள் அந்த எழுத்துருவில்தான் இருக்கின்றன. அதிலிருந்து ஒரு வினாவை எடுத்து வட்ஸ்அப்பிலோ கூகுள் படிவத்திலோ ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடக்கும். காரணம், பாமினி கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளே; எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. அச்சடிக்க அல்லது பார்க்க மட்டும் என்றால், எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக்கினால் போதும். படிவத்தில் இடுவதற்கு, எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றியதும் அடைப்புக்குறிகளையும் கணிதக் குறியீடுகளையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். இடையில் வந்த ஆங்கிலச் சொற்கள் அர்த்தமில்லாத தமிழாக மாறியிருக்கும், அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். புதிதாகத் தயாரிப்பதையாவது முதலிலிருந்தே யுனிகோட்டில் தட்டச்சுச் செய்யப் பழக்குவதற்கு ஒரு முழு அமர்வு ஒதுக்கலாம், வீண்போகாது.

சூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் நின்றுவிடும். நம் பாடவேளையும் ஏறக்குறைய அதேதான். ஆனால் பிள்ளைகள் வந்து சேரவே ஏழெட்டு நிமிடம் போகும். எனவே பாடத்தை 25 நிமிடத்துக்குத் திட்டமிடச் சொல்கிறோம். அப்பாவின் போனுக்காக இரவுவரை காத்திருக்கும் பிள்ளைக்கு, அதே பாடத்தின் சாரத்தை ஐந்து நிமிடக் குரல்பதிவாக வட்ஸ்அப்பில் போட்டால் டேட்டாவும் மிகக் குறைவாகவே செலவாகும்.

விடைத்தாள்கள் இன்னொரு சுமை. 35 பிள்ளைகள் நாலு நாலு பக்கம் அனுப்பினால் 140 படங்கள். பாதி சாய்ந்தும் மங்கலாயும் வரும். ஸ்கேன் செயலியால் ஒரே பிடிஎஃப் ஆக்கி, பெயரும் தரமும் இட்டு அனுப்பப் பிள்ளைகளையும் பழக்க வேண்டும்.

அமர்வுகளை ஒரே நாளில் அடைக்காமல் ஒரு வார இடைவெளி விடுவது நல்லது. அந்த வாரத்தில் ஒவ்வொருவரும் தம் பாடமொன்றைப் பத்து நிமிடம் பதிவு செய்து வரட்டும். இரண்டாம் அமர்வில் அதை மடிக்கணினியில் போடாமல், விலைகுறைந்த பழைய போனொன்றில், பிள்ளை கேட்பது போலவே எல்லோரும் கேட்க வேண்டும்.