தனுஷ்கோடியில் ஒரு மதியம்

போன வாரம் தனுஷ்கோடி போயிருந்தோம். இடிந்த தேவாலயத்தின் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். செங்கல் என்று நினைத்தால், பவளப்பாறைக் கற்கள். சிறுசிறு துளைகளோடு உள்ளங்கையைச் சுரண்டுகின்றன. கூரை போய் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இந்த ஊருக்கு வாழ்வு வந்தது ரயிலால்தான். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ஏறியவர் இங்கே இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு சேர்ந்துவிடலாம். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்! சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம் என்று மணல்திட்டில் ஓர் ஊரே எழுந்தது. பாஸ்போர்ட்டுக்கு அலைந்துகொண்டிருக்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

பிறகு 1964 டிசம்பர் 22 இரவு. புயலில் எழுந்த அலை, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை அப்படியே சுருட்டிக்கொண்டது. அதில் வந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தை இரண்டே மாதங்களுக்குள் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் மட்டும் திரும்பவில்லை. கப்பலும் ராமேஸ்வரத்துக்கு மாறிவிட்டது. ஊரைக் கொன்றது புயல் என்கிறார்கள். எனக்கென்னவோ, அதற்குப் பிறகு ரயில் வராமல் போனதுதான் என்று தோன்றுகிறது.

"பேய் ஊர்" என்று எழுதுகிறவர்கள்மீது கோபம்கூட வருகிறது. மீனவக் குடும்பங்கள் இன்னும் ஓலைக் குடிசைகளில் இருக்கின்றன. சங்கு மாலை விற்ற அம்மா ஒருவர், குடிசைக்குப் பின்னால் மணலில் தோண்டிய குழியிலிருந்து கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டு கொடுத்தார். இருபுறமும் உப்புக்கடல், நடுவில் நல்ல தண்ணீர். இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தேன்.