பெரியப்பாவுக்கு நீலகிரி, அப்பாவுக்குப் புனலூர்

மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங் சேரும்போதுதான் பட்டியல் ஜாதி சான்றிதழ் தேவைப்பட்டது. அது இருந்தால் கேரள அரசின் இ-கிராண்ட்ஸ் கல்வி உதவியில் கட்டணம் கழிந்துவிடும். அக்ஷயா என்ற அரசு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டோம். விசாரணைக்குக் கூப்பிட்டவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பட்டியல் சாதி உத்தரவு வந்த 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்னால் உங்கள் குடும்பம் கேரளாவில் இருந்ததற்கு ஆவணம் இருக்கிறதா?

எப்படி இருக்கும்? 1950-ல் எங்கள் தாத்தா இலங்கையில் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்.

கொல்லம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் எங்களைப் போல நிறையக் குடும்பங்கள் உண்டு. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பிரித்துக்கொள்ள 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்பாவும் பெரியப்பாவும் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமுக்கு வந்தவர்கள். பெரியப்பாவுக்கு நீலகிரியில் தமிழ்நாடு அரசு நிறுவனமான டான்டீயின் தேயிலைத் தோட்டம் கிடைத்தது. அப்பாவை, தாயகம் திரும்பியவர்களுக்காக 1976-ல் புனலூரில் தொடங்கிய ஆர்.பி.எல். என்ற அரசு நிறுவனத்தின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். யாருக்கு எந்த மலை என்று முடிவு செய்தது அவர்கள் இருவரும் இல்லை.

நீலகிரியில் பெரியப்பா பிள்ளைகளுக்குக் கொஞ்ச அலைச்சலுக்குப் பிறகு சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஒரே தாத்தா, ஒரே சாதி. அந்தச் சாதி தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது, கேரளப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் எனக்குக் கிடையாது.

இருந்த காகிதங்களை எல்லாம் எடுத்துப் போனேன். அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டில் சாதி இல்லை. பாஸ்போர்ட்டில் அது எப்போதுமே இருக்காது. அவருடைய இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் இனம் ‘இந்தியத் தமிழர்’ என்று இருந்தது. அங்கே இந்தியர் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள், இங்கே ஆபீசில் பேசிக்கொள்ளும்போது நாங்கள் ‘சிலோன்காரர்’. தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டையைப் புரட்டிப் பார்த்த இளம் குமாஸ்தா, இது என்ன ரேஷன் கார்டா என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அரசு அழைத்து வந்து குடியேற்றிய மக்களைப் பற்றி அரசு ஊழியருக்கே யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

விதி என்னவென்றால், ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதிக்காரர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தச் சலுகை கிடையாது. 1990-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிழைப்புத் தேடி வந்தவருக்கு அது சரியோ தப்போ, ஒப்பந்தம் போட்டுக் கொண்டுவந்து இறக்கியவருக்கு எப்படிப் பொருந்தும்? ஒப்பந்தம் எழுதியபோதே இதற்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கேரளாவின் தேவிகுளம் தனித்தொகுதியில் 2021-ல் ஜெயித்த ராஜாவின் பட்டியல் சாதித் தகுதி பற்றிய வழக்கு தெரிந்திருக்கும். 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் அவர் தேர்தலைச் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இங்கே பலர் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அதில் பிடிமானம் இல்லை. அவர் குடும்பம் 1950-க்கு முன்பே மூணாறு பக்கத் தோட்டத்தில் இருந்ததைக் காட்ட முடிந்தது. நாங்கள் எதைக் காட்டுவது?

வாய்மொழியாகவே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில், என் விண்ணப்பத்தின் நிலை என்ன, எந்த உத்தரவின்படி மறுக்கிறீர்கள் என்று கேட்டேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பதாலோ என்னவோ, ஃபைல் நகர்ந்தது. பெரியப்பா மகனின் சான்றிதழ், தாத்தாவின் பூர்வீக ஊரில் உறவுமுறைக்கு வாங்கிய கடிதம், குடும்ப அட்டை, மூன்றையும் சேர்த்து வைத்தேன்.

கடைசியில் கிடைத்தது, தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்தவர் என்று எழுதிய சான்றிதழ். மத்திய அரசு வேலைக்கும் மத்திய நிறுவனங்களுக்கும் செல்லும். கேரள அரசு இடத்துக்கும் இ-கிராண்ட்ஸுக்கும் செல்லாது. கொல்லத்தில் பிறந்த பிள்ளை எப்போது தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்தாள் என்று கேட்டேன். ஃபார்மில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள்.

மகள் பொதுப்பிரிவில் சேர்ந்து முழுக் கட்டணம் கட்டிப் படிக்கிறாள். மாநிலச் சான்றிதழுக்கான மேல்முறையீடு இன்னும் கிடக்கிறது. இதே வழியில் போகிறவர்கள் குடும்ப அட்டையின் மூலப் பிரதியை எந்தக் கவுண்டரிலும் விட்டு வராதீர்கள். நகலைக் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மறுப்பதானாலும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், அது இல்லாமல் மேல்முறையீடு செய்வது கஷ்டம்.