போட்டோவைச் சுருக்கும் முன்னால் ஒரு பட்டியல்

நூற்றுக்கணக்கான போட்டோக்களை ஒரே மூச்சில் சிறிதாக்க வேண்டும் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது இமேஜ்மேஜிக். அதில் மோக்ரிஃபை என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு வரி எழுதி என்டர் தட்டினால் ஃபோல்டரில் இருக்கும் அத்தனை படமும் சுருங்கிவிடும். 1990-லிருந்து புழக்கத்தில் இருக்கும் மென்பொருள், நன்றாக வேலை செய்கிறது, பத்துப் படத்துக்கு நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் மோக்ரிஃபை, நாம் வேறு ஏதும் சொல்லாவிட்டால், ஒரிஜினலின் மேலேயே எழுதிவிடும். வேறு ஃபோல்டரில் எழுதச் சொல்ல வழி உண்டு, ஒவ்வொரு முறையும் மறக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாவது பிரதி இல்லாத போட்டோக்களை இந்த "மறக்காமல்" என்ற ஒன்றை நம்பி ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் இந்த வேலையை ஃபங்ஷனல் புரோகிராமிங்கில் எழுதினேன், அதாவது மதிப்பு உள்ளே போய்ப் புது மதிப்பு வெளியே வரும் சின்னச் சின்ன ஃபங்ஷன்களைக் கோர்த்து எழுதும் முறையில்.

நாங்கள் கையாளும் போட்டோக்கள் அப்படிப்பட்டவை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்கள். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், கல்யாணச் சேலை எடுக்கப் பொள்ளாச்சியோ கோயம்புத்தூரோ. 1949 வரை இந்தச் சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1-லிருந்து கேரளம். அதனால் ஒரே வீட்டு இரும்புப் பெட்டிக்குள் கொச்சி சர்க்கார் முத்திரைத் தாளில் எழுதிய பத்திரமும், பொள்ளாச்சி ஸ்டூடியோவில் நின்று எடுத்த கல்யாணப் போட்டோவும், மலையாளத்தில் வந்த வரி ரசீதும் ஒன்றாகக் கிடக்கும். வாசகசாலையில் சிலர் சேர்ந்து இவற்றை ஸ்கேன் செய்து வைக்கிறோம். வாங்கின மறுநாளே பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் பேச்சு.

4-க்கு 6 அங்குலப் போட்டோவை 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் 2400-க்கு 3600 புள்ளிகள் வரும். ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்று வைத்தால், அழுத்தாத டிஃப் ஃபைல் சுமார் 26 எம்பி. இதை யாருக்கும் போனில் அனுப்ப முடியாது. அதனால் நீளப் பக்கம் 1600 புள்ளி இருக்கிற மாதிரி ஒரு பிரதி, சேகரிப்பின் அட்டவணையில் காட்ட 400 புள்ளியில் இன்னொன்று. ஒரு வீட்டில் பெரியவர் கேட்டார்: "ஏங் கண்ணு, அப்பறமா திருப்பிப் பெருசு பண்ணிக்கலாமல்ல?" முடியாது. 3600 புள்ளி 400 ஆகும்போது ஒவ்வொரு பக்கமும் ஒன்பதில் ஒரு பங்காகிறது, 81 புள்ளிகள் கலந்து ஒரே புள்ளியாகிவிடுகின்றன. அந்த 81-இல் தாலியின் கோர்வையும் இருக்கலாம், பின்னால் நிற்கிற குழந்தையின் முகமும் இருக்கலாம். போனது போனதுதான்.

சரி, இதற்கு ஏன் ஃபங்ஷனல் புரோகிராமிங்? ஏனென்றால் விதிகள் கூடிக்கொண்டே போகும். போட்டோவுக்கு 1600 போதும், பத்திரத்துக்குப் போதாது, கையெழுத்து படிக்கிற மாதிரி இருக்க 2400 வேண்டும். ஏற்கெனவே சிறிதாக இருக்கும் படத்தைப் பெரிதாக்கக் கூடாது. ஸ்கேனரிலிருந்து வந்தது ஒரு மாதிரி, போனில் எடுத்தது வேறு மாதிரி. இவற்றையெல்லாம் டெர்மினலில் தட்டும் ஒரு கட்டளை வரிக்குள் திணித்தால், எழுதிய ஆளுக்கே அடுத்த மாதம் புரியாது.

நான் எடுத்துக்கொண்டது எலிக்சிர். ஜோசே வாலிம் உருவாக்கிய மொழி, 1.0 பதிப்பு 2014-இல் வந்தது, எரிக்சன் நிறுவனத்தில் 1980-களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக எழுதப்பட்ட எர்லாங் மொழி ஓடும் அதே மெய்நிகர் இயந்திரத்தின் மேல் ஓடுகிறது. படத்தைச் சுருக்கும் உண்மையான உழைப்பு எலிக்சிருடையது இல்லை, அதைச் செய்வது சி மொழியில் எழுதிய லிப்விப்ஸ் நூலகம். விக்ஸ் என்ற தொகுப்பு அதை எலிக்சிரோடு இணைக்கிறது, அதற்கு மேலே இமேஜ் என்ற தொகுப்பு வசதியான ஃபங்ஷன்களைத் தருகிறது. வேண்டிய தொகுப்புகளை ஸ்கிரிப்டே இறக்கிக்கொள்ள உதவும் மிக்ஸ் இன்ஸ்டால் இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்ட் ஃபைலில் எழுதிவிடலாம், தனி புராஜெக்ட் வேண்டாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்: என்ன செய்யப் போகிறோம் என்று முடிவு எடுக்கும் பகுதியையும், ஃபைலைத் தொடும் பகுதியையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். முடிவு எடுக்கும் பகுதி சுத்தமான ஃபங்ஷனாக இருக்கட்டும். அகலம், உயரம், வகை என்று மூன்று விவரம் உள்ளே போகும், புது அகலமும் புது உயரமும் வெளியே வரும். அது டிஸ்க்கைப் பார்க்காது, எதையும் திறக்காது, எதையும் எழுதாது. 6000-க்கு 4000 கொடுத்தால் 1600-க்கு 1067, எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். உள்ளே வரும் விவரம் எந்த வடிவத்தோடு பொருந்துகிறதோ அந்த வரியை ஓட்டும் பேட்டர்ன் மேட்சிங் இருப்பதால் ஒவ்வொரு விதியும் தனி வரியாக நிற்கிறது: பத்திரம் என்றால் இப்படி, அகலப் படம் என்றால் இப்படி, நெட்டைப் படம் என்றால் இப்படி, இரண்டு பக்கமும் ஏற்கெனவே அளவுக்குள் இருந்தால் அப்படியே விடு. எங்களோடு உட்காரும் பிளஸ் டூ மாணவி, தமிழ் மீடியம், எலிக்சிரை முன்பின் பார்த்ததில்லை, அந்த வரிகளை மேலிருந்து கீழே படித்துவிட்டு "இதுல சதுரப் படத்துக்கு எந்த வரி?" என்று கேட்டாள். அகலமும் உயரமும் சமமாக இருந்தால் எந்தப் பக்கம் போனாலும் விடை ஒன்றுதான் என்று சேர்ந்தே போட்டுப் பார்த்தோம். கேரளப் பள்ளிகளில் கைட் என்ற அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் தருவது உபுண்டுவை ஒட்டிய லினக்ஸ் என்பதால் இந்தப் பிள்ளைகளுக்கு டெர்மினல் பயம் கிடையாது, அது எங்களுக்குப் பெரிய உதவி.

இந்த ஃபங்ஷனை எல்லாப் படங்களின் மேலும் மேப் செய்தால், அதாவது ஒவ்வொன்றாக ஓட்டினால், கிடைப்பது ஒரு பட்டியல். இந்த ஒரிஜினல், இந்தப் புதுப் பெயர், இந்த அளவு, அவ்வளவுதான், இன்னும் ஒரு பைட் கூட எழுதப்படவில்லை. கல்யாண வீட்டில் சமையல்காரர் முதலில் சாமான் பட்டியல் கொடுப்பார், பெரியவர்கள் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகுதான் அடுப்பு பற்றவைப்பார், அந்த மாதிரி. பட்டியலைத் திரையில் ஓடவிட்டுக் கண்ணால் பார்க்கலாம், பார்க்க வேண்டும்.

பட்டியல் எதைக் காட்டிக்கொடுக்கும் என்றால், முதலில் பெயர் மோதலை. இரண்டு ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு படம், இரண்டும் ஒரே இடத்தில் எழுதப்படப் போகின்றன, பின்னால் வருவது முன்னால் வந்ததை அழித்துவிடும். புதுப் பெயரை வைத்து குரூப் பை செய்து, ஒன்றுக்கு மேல் உறுப்பு உள்ள குழுவை மட்டும் ஃபில்டர் செய்தால் அத்தனை மோதலும் வெளியே வந்துவிடும். இரண்டு வரி வேலை. ஃபைல் பெயரின் முடிவில் கேமரா போடும் பெரிய எழுத்து ஜேபிஜி-யும் நாம் எழுதும் சின்ன எழுத்து ஜேபிஜி-யும் வேறு வேறாக எண்ணப்படுவதும் இங்கேதான் தெரியும்.

தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். கொழிஞ்சாம்பாறை என்று எழுதும்போது முதல் எழுத்து "கொ". யூனிகோடில் அந்த ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு சரங்கள். ஆப்பிளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் முறை பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும், அங்கிருந்து வந்த ஃபைல் வேறு ஊர்ப் பெயர் மாதிரி தனியாக நிற்கலாம், தேடினாலும் அகப்படாமல் போகலாம். எலிக்சிரில் ஸ்ட்ரிங் நார்மலைஸ் ஃபங்ஷனுக்கு என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவம்) என்று சொன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். புதுப் பெயரை முடிவு செய்யும் ஃபங்ஷனில் இது முதல் படி. மலையாளப் பெயர்களுக்கு இது மட்டும் போதாது, சில்லு எழுத்துகளை (உயிர் சேராமல் தனித்து நிற்கும் மெய்யெழுத்து வடிவங்கள்) 2008-இல் வந்த யூனிகோட் 5.1-க்கு முந்தைய முறையிலும் எழுதுகிறார்கள், பிந்தைய முறையிலும் எழுதுகிறார்கள், என்எஃப்சி அவற்றை ஒன்றாக்காது. அதற்கு நாமே ஒரு மாற்றுப் பட்டியல் எழுதிச் சேர்க்க வேண்டும். எல்லைப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் இதைத் தவிர்க்கவே முடியாது, ஒரே வீட்டுப் பெயர் இரண்டு மொழியிலும் வரும்.

அடுத்தது போன் படங்கள். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் ஃபைலுக்குள் புள்ளிகள் படுக்கையாகவே சேமிக்கப்பட்டு, "இதைத் திருப்பிக் காட்டு" என்று எக்ஸிஃப் குறிப்பு (படத்தைப் பற்றி ஃபைலுக்குள்ளேயே இருக்கும் விவரம்) மட்டும் கூடவே இருக்கலாம். அந்தக் குறிப்பின் மதிப்பு 1 முதல் 8 வரை, அதில் 5 முதல் 8 வரை வந்தால் அகலத்தையும் உயரத்தையும் இடம் மாற்றித்தான் கணக்குப் போட வேண்டும். லிப்விப்ஸில் படத்தைச் சிறிதாக்கும் தம்ப்நெயில் செயல் தானாகவே திருப்பிக்கொள்கிறது, ஆனால் நம் பட்டியலில் அளவு சரியாக வர இந்த விவரத்தை நம் ஃபங்ஷனுக்கும் கொடுத்தாக வேண்டும்.

பட்டியல் சரியாகிவிட்டால் மீதி எளிது. எலிக்சிரின் டாஸ்க் மாட்யூலில் இருக்கும் அசிங்க் ஸ்ட்ரீம், பட்டியலில் உள்ள வேலைகளை ஒரே சமயத்தில் சிலவாக எடுத்து ஓட்டும், எத்தனை என்று சொல்லாவிட்டால் பிராசஸரின் கோர்களைப் பொறுத்து அதுவே முடிவு செய்யும். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: ஒரு வேலைக்கு அது தரும் நேரம் 5000 மில்லிசெகண்ட், அதாவது 5 நொடி. தாண்டினால் முழு ஓட்டமும் நின்றுவிடும். பழைய லேப்டாப்பில் பெரிய டிஃப் ஃபைல் 5 நொடியைத் தாண்டுவது சாதாரணம், அதனால் நேரத்தைக் கூட்டி எழுதுங்கள், தாண்டினால் அந்த ஒரு வேலையை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். நினைவகத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். 6000-க்கு 4000 படத்தை முழுசாக விரித்தால் 72 எம்பி, எட்டுப் படம் ஒன்றாகத் திறந்தால் 576 எம்பி. லிப்விப்ஸ் அப்படிச் செய்வதில்லை, முடிந்தவரை பட்டை பட்டையாகப் படிக்கிறது. ஜேபெக் படங்கள் 8-க்கு 8 கட்டங்களாகச் சேமிக்கப்படுவதால், திறக்கும்போதே பாதியாகவோ காலாகவோ எட்டில் ஒன்றாகவோ திறக்கலாம். 6000-த்தை 400 ஆக்க லிப்விப்ஸ் அதை முழுசாகத் திறக்காமல், முதலிலேயே சிறிதாகத் திறந்துகொள்கிறது. வேகம் வருவது இங்கேதான், மொழியால் இல்லை.

கெட்டுப்போன ஃபைல் வரும், நிச்சயம் வரும். எலிக்சிரில் ஒவ்வொரு வேலையும் ஓகே என்றோ எரர் என்றோ ஒரு ஜோடியைத் திருப்பித் தருகிற மாதிரி எழுதலாம். ஒன்று கெட்டதற்காக மற்றவை நிற்க வேண்டாம், கடைசியில் இரண்டாகப் பிரித்து, எரர் பட்டியலை மட்டும் எடுத்து அந்தப் போட்டோக்களை மறுபடி ஸ்கேன் செய்தால் போதும். கரண்ட் போகும் ஊர் என்றால் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுசாக முடிந்த பிறகு உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள், அரைகுறை ஃபைல் உண்மைப் பெயரில் நிற்காது.

எலிக்சிரில் எந்த மதிப்பும் மாறாது என்று சொல்வார்கள், அது உண்மை, ஆனால் அது நினைவகத்தில் இருக்கும் மதிப்புகளுக்கு மட்டும். டிஸ்க்கில் இருக்கும் ஃபைலை எந்த மொழியும் காப்பாற்றாது, அழி என்றால் எலிக்சிரும் அழிக்கும். அதனால் ஒரிஜினல் ஃபோல்டருக்கு எழுதும் உரிமையையே எடுத்துவிட்டு, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஒரிஜினலுக்கும் ஷா-256, அதாவது ஃபைலின் கைரேகை மாதிரியான ஒரு எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுகிறோம். கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, ஆனாலும் அந்தப் பெட்டிகளைக் கொடுத்து அனுப்பிய வீடுகளுக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டுமே.

இப்போது சேர்த்துக்கொண்டிருக்கும் விதி, எக்ஸிஃபில் இருக்கும் இடக் குறிப்பை எடுத்துவிடுவது. வீட்டிலேயே போனில் எடுத்த பத்திரப் படத்தில் அந்த வீட்டின் ஜிபிஎஸ் புள்ளி அப்படியே இருக்கலாம், நிலப் பத்திரத்தோடு அதை வெளியே விடுவது தவறு. வெளியே போகும் பிரதியில் எல்லாக் குறிப்பும் நீக்கப்படும், குடும்பத்துக்குக் கொடுக்கும் பிரதியில் தேதி மட்டும் இருக்கும். பட்டியலில் அதற்கென்று ஒரு நெடுவரிசை கூடியிருக்கிறது, சுருக்கும் பகுதியில் ஒரு வரி.