அப்பாவின் காலண்டரில் காலை எடை

பிப்ரவரியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா படுக்கையில் இல்லை. அம்மா எழுந்து தேடிப் போனால், திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். படுத்தால் நெஞ்சை அடைக்கிறது, உட்கார்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை என்றார். வாய்வுதான் என்று நினைத்து அம்மா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். அடுத்த இரண்டு வாரத்தில் ஒரு தலையணை இரண்டானது, அப்புறம் மூன்றானது. நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். பாலக்கோடு பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோதுதான் அவர் காலைப் பார்த்தேன். செருப்பு வார் அழுத்திய இடம் அப்படியே பள்ளமாக நின்றது.

அன்றைக்கே தருமபுரிக்குக் கூட்டிப் போனோம். எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்துவிட்டு, "பம்பிங் 30 சதவீதம்தான் இருக்கு. ஹார்ட் ஃபெயிலியர்" என்றார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தோம். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ஒரு வருடத்தில் மாத்திரைகளை அவரே நிறுத்திவிட்டார். ஃபெயிலியர் என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். இதயம் நின்றுபோகப் போகிறது என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்தோம். இதயம் நிற்கவில்லை, தள்ளும் பலம்தான் குறைந்திருக்கிறது, அதனால் நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்குகிறது என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆறு நாள் ஊசி போட்டார்கள். 4 கிலோ இறங்கியது. அவ்வளவும் வெறும் நீர்.

வீட்டுக்கு அனுப்பிய நாளை நான் மறக்க மாட்டேன். பில் கட்டி முடித்ததும் ஒரு பையில் எட்டு வகை மாத்திரையும், முழுக்க ஆங்கிலத்தில் அடித்த டிஸ்சார்ஜ் சீட்டும் கையில் கொடுத்தார்கள். "உப்பைக் குறைங்க, தண்ணியைக் குறைங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க." மூன்று நிமிடம் இருக்கும். எல்லாவற்றையும் என்னைப் பார்த்தே சொன்னார்கள். அப்பா பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஓசூருக்குத் திரும்பியதும் தினமும் சாயங்காலம் போன் செய்து, "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று கேட்டேன். "போட்டாச்சு கண்ணு" என்பார். பத்தொன்பதாவது நாள் விடியற்காலை அவரால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை. 108-க்குப் போன் செய்து மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இந்த முறை வேறு ஆஸ்பத்திரி.

அந்த 19 நாளில் என்ன நடந்தது என்பதை அப்பா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது.

முதலாவது நீர் மாத்திரை. ஃப்யூரோசமைடு என்று அட்டையில் இருக்கும். போட்டால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அடிக்கடி சிறுநீர் போக வேண்டும். காலையில் தக்காளி மண்டிக்கு பஸ்ஸில் போகிற மனிதர் என்ன செய்வார்? மண்டிக்குப் போகிற நாளெல்லாம் அதை விட்டுவிட்டார். வாரத்தில் நான்கு நாள்.

இரண்டாவது டாபாக்ளிஃப்ளோசின். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் பையைக் கிளறி, "இது சுகர் மாத்திரை, உனக்குத்தான் சுகரே இல்லையே, மாத்திக் கொடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டார். சர்க்கரை நோய்க்கு வந்த மருந்துதான். ஆனால் சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் அது பலன் தருகிறது என்பதால்தான் கொடுக்கிறார்கள். அதை யாராவது ஒரு வரியில் முன்பே சொல்லியிருந்தால் அப்பா நிறுத்தியிருக்க மாட்டார்.

மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே அதற்காகத்தான் கொண்டுவந்தார்கள். சிறு வயதிலிருந்து போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் அப்பா. பல்லில் பழுப்புக் கறை, குனிந்து நிமிர்ந்தால் முட்டி வலி, முதுகு வலி. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்கு வாங்குவது மாதிரி. வீட்டுக்கு வந்த மறுவாரமே அப்பா டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டிருக்கிறார், தினம் இரண்டு. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், சிறுநீரகத்தையும் பாதிக்கும், நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். இதயம் பலவீனமானவருக்கு அது விஷம் மாதிரி. வலிக்கு பாராசிட்டமால், தேவைப்பட்டால் பிசியோதெரபி என்று இரண்டாவது டாக்டர் மாற்றிக் கொடுத்தார். முட்டி வலியும் இதயக் கோளாறும் சேர்ந்து இருக்கிற பெரியவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி முழுக்க இருக்கிறார்கள். யாராவது அவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இருந்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து, நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். நான் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் போனதும், "நீங்க அப்புறம் எழுதிக்கலாம்மா, ஐயாகிட்ட பேசணும்" என்றார். ஒரு மாத்திரையை எடுத்துக் காட்டுவார், எதற்கு என்று சொல்வார். பிறகு, "ஐயா, வீட்ல அம்மா இது எதுக்குன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்பார். அப்பா தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால், "நான்தான் சரியா சொல்லல" என்று மறுபடியும் ஆரம்பிப்பார். நீர் மாத்திரையை ஏன் விட்டார் என்று கோபமில்லாமல் கேட்டார். டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து, "மண்டிக்குப் போற நாள்ல திரும்பி வந்து மத்தியானம் போடுங்க. நாலு மணிக்கு மேல வேண்டாம், ராத்திரி தூக்கம் கெடும். ஆனா ஒரு நாளும் விடாதீங்க" என்று சொன்னார். அவ்வளவு சின்ன விஷயம் அது. அதைக் கேட்க ஆள் இல்லாமல் அப்பாவின் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது.

அப்புறம் எடை. தினமும் காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால், ஒரே மாதிரி உடுப்போடு, ஒரே மெஷினில் நிற்க வேண்டும். நான் இதை நோட்டில் ஐந்து பாயின்டாக எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "வெறும் பெட்டி எடையைக் கழிக்கணும்னா எல்லாப் பெட்டியும் ஒரே எடையா இருக்கணும். அதுதானேம்மா?" நர்ஸ் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார். முப்பது வருடம் தக்காளி எடை போட்டவர். அந்த நிமிடம் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அவருக்குத் தெரிந்த விஷயம் ஒன்று கடைசியில் வந்துவிட்டது.

டிஜிட்டல் மெஷின் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. முதல் நாள் வீட்டில் வைத்தபோது ஐந்து நிமிடத்துக்குள் ஒன்றரை கிலோ மாறி மாறிக் காட்டியது. நான் மெஷினைக் குறை சொன்னேன். அப்பா தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, பின்கட்டிலிருந்து ஒரு கடப்பைக் கல்லை எடுத்து வந்து, நான்கு மூலையும் ஆடாமல் மண் போட்டு நிறுத்தி, அதன் மேல் வைத்தார். அதற்குப் பிறகு மாறவே இல்லை. உரக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரின் ஒவ்வொரு கட்டத்திலும் அவரே எழுதுகிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் எண்களில் தப்பு வராது. 58.4 என்பது நீர் இல்லாத எடை. ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினாலோ, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். கால் வீங்குவதும் மூச்சு வாங்குவதும் பிறகுதான் தெரியும், எடை அதற்கு முன்னாலேயே சொல்லிவிடும். கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டை விரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்ப்பது, முந்தின ராத்திரி எத்தனை தலையணை வைத்தோம் என்பது, இரண்டும் அதே கட்டத்தில் சின்னக் குறியாக இருக்கும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 108.

உப்பு விஷயத்தில் அம்மாதான் வழி கண்டுபிடித்தார். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது டீஸ்பூனில் தலை தட்டினால் ஒரு ஸ்பூனுக்கும் குறைவாக. ஆரம்பத்தில் உப்பே போடாமல் சமைத்தார். அப்பா களியைக் கீரைக் கடைசலில் தொட்டு இரண்டு வாய் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். யாரும் பார்க்காதபோது ஊறுகாய் ஜாடியைத் திறப்பார். அப்புறம் அம்மா ஒரு சின்ன டப்பாவில் காலையிலேயே முக்கால் டீஸ்பூன் உப்பை அளந்து போட்டு அப்பா கையில் கொடுத்தார். "ஏங்க, இன்னிக்கு இவ்வளவுதான். எப்ப வேணா போட்டுக்கங்க." குழம்பில் கரைத்துவிடுகிற உப்பைவிடத் தட்டில் மேலாகத் தூவுகிற உப்பு நாக்குக்கு நன்றாகத் தெரிகிறது. மிளகு, சீரகம், பூண்டு, எலுமிச்சை தாராளமாகப் போட்டார். கருவாடு, அப்பளம், மோர் மிளகாய், ஊறுகாய் நான்கும் வீட்டை விட்டுப் போயின. மாங்காய் சீசனில் உப்பு மிளகாய்த்தூள் இல்லாமல் மாங்காய் தின்பதுதான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் டப்பாவில் மிச்சம் இருந்தால் எனக்குப் போனில் சொல்வார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நானே நல்லது என்று நினைத்து சோடியம் குறைந்த உப்புப் பாக்கெட் ஒன்று வாங்கிப் போனேன். நல்ல வேளையாக நர்ஸிடம் கேட்டேன். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். அப்பா போடுகிற ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரை ஏற்கெனவே பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பார்க்க வருகிறவர்கள் அன்போடு வெட்டிக்கொண்டு வரும் இளநீருக்கும் அதே கதைதான். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அப்பாவுக்குத் தண்ணீர் ஒன்றரை லிட்டர் என்று சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். கூழ், மோர், ரசம், டீ எல்லாமே அந்தக் கணக்கில் வரும் என்பது எங்களுக்குத் தெரியவே இல்லை. காலையில் ஒரு சொம்பு கூழ் குடித்தாலே கால்வாசி முடிந்துவிடும். தாகம் எடுத்தால் வாயைக் கொப்பளிப்பார், ஒரு நெல்லிக்காயை வாயில் அடக்கிக்கொள்வார்.

எடை ஏறுவதை மட்டும் பார்த்தால் போதாது என்று மே மாதம் தெரிந்தது. வெயிலில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. எடை 56.3. எழுந்து நின்றால் கண் இருட்டியது. அப்பா போன் செய்தார். டாக்டர் நீர் மாத்திரையையும் இன்னும் இரண்டு மாத்திரையையும் கொஞ்ச நாள் நிறுத்தி, தண்ணீரைக் கூட்டி, ரத்தம் எடுத்துப் பார்த்தார். நாங்களாகவே எதையாவது நிறுத்தியிருந்தால் எதை நிறுத்துவது என்று தெரிந்திருக்காது.

பி.பி. பார்க்க மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வருகிறார். பக்கத்து மாவட்டத்தில், சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய திட்டம் அது. அப்பா அவருக்குக் காலண்டரைக் காட்டுவார். மாத்திரைச் செலவுக்கு, கம்பெனிப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி டாக்டரிடமே கேட்டோம். மக்கள் மருந்தகத்தில் பல மாத்திரைகள் நன்றாக விலை குறைந்து கிடைத்தன.

நடை வரப்பில்தான். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும், பேச்சு நின்றால் நிற்க வேண்டும். முதல் வாரம் கிணறு வரைக்கும் போனார். இப்போது ரோடு வரைக்கும் போய் வருகிறார்.

ஆடிப்பெருக்குக்கு உறவுக்காரர்களோடு ஒகேனக்கல் போனார்கள். அங்கே மீன் வறுவல் இல்லாமல் எப்படி? சாப்பிட்டிருக்கிறார். டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் காலை ஆறே காலுக்குப் போன் அடித்தது. அந்த நேரத்தில் அப்பாவின் பெயரைத் திரையில் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது.

"கண்ணு, 59.7 காட்டுது. முந்தாநேத்து 58.5. நர்ஸம்மாகிட்ட பேசிட்டேன். டாக்டரைக் கேட்டுட்டு ரெண்டு நாளைக்கு நீர் மாத்திரை அரை கூடப் போடச் சொன்னாங்க. உனக்கும் சொல்லி வெக்கலாம்னுதான்."

மூன்றாம் நாள் 58.6-க்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே இல்லை.

நவம்பரில் எடுத்த எக்கோவில் பம்பிங் 38. மாத்திரை வேலை செய்வதால்தான் ஏறியிருக்கிறது, நிறுத்தினால் இறங்கும் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். அப்பா அதை அவரிடமே திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் எழுந்தார்.

ஜனவரியில் உரக்கடையில் புதுக் காலண்டர் கொடுத்தார்கள். கட்டம் சின்னதாக இருக்கிறது, எடையும் தலையணைக் கணக்கும் சேர்த்து எழுத இடம் போதவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு கடைக்குப் போய்ப் பெரிய கட்டம் போட்டது ஒன்று கேட்டு வாங்கி வந்து, கடப்பைக் கல்லுக்கு மேலே ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்.